பூவரசனுக்கு விழுந்த ஓட்டு

“மேம், அந்த ஓட்டு நான் போட்டது இல்ல.”

பர்வீன் நிமிரவில்லை. வருகைப் பதிவேட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த ஓட்டு?”

“எனக்கு விழுந்த ஓட்டு.”

“விழுந்துச்சு இல்ல?”

“விழுந்துச்சு மேம்.”

“அப்புறம் என்ன?”

துறை அறையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்றது.

“நானே எனக்குப் போட்டுக்கிட்டேன்னு சொல்றாங்க மேம். எல்லாரும்.”

பர்வீன் கோட்டை முடித்தார்.

*

அரசியல் அறிவியல் முதலாம் ஆண்டில் முப்பத்தெட்டுப் பேர்.

பத்தொன்பது பேர் காலை ஏழு நாற்பது பாசஞ்சரில் வருகிறவர்கள். சன்னல் பக்கம் உட்காருவார்கள். அவர்களுக்கு ரயில் செட்டு என்று பெயர். பதினெட்டுப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். கதவுப் பக்கம் உட்காருவார்கள். பஸ் செட்டு.

பூவரசன் விடுதியிலிருந்து நடந்து வருகிறவன். நடுவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தான்.

வகுப்புப் பிரதிநிதிக்குத் தேர்தல் வைத்தார்கள். ரயிலுக்கு ரூபன் நின்றான். பஸ்ஸுக்கு மேகலா நின்றாள். பூவரசன் தானாக நின்றான்.

துறை நூலகத்தின் சாவியை மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது துறைத்தலைவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார், அந்த ஒரு மணி நேரம் நூலகம் திறந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு நிமிடம் பேசினான். பேசும்போது இடது முழங்கால் ஆடியது. முன் பெஞ்சுக்காரர்கள் அவன் முழங்காலையே பார்த்தார்கள்.

துண்டுச் சீட்டில் பெயர் எழுதி மடித்துப் போட்டார்கள். பர்வீன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரைப் படித்தார். கரும்பலகையில் கோடு கிழித்தார்கள்.

ரூபன் பத்தொன்பது. மேகலா பதினெட்டு. பூவரசன் ஒன்று.

யாரும் கணக்குப் போடக்கூட வேண்டியிருக்கவில்லை. ரயில் ரயிலுக்குப் போட்டது. பஸ் பஸ்ஸுக்குப் போட்டது. பூவரசன் பூவரசனுக்குப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை கரும்பலகையில் ‘சுயம்பு’ என்று பெரிதாக எழுதியிருந்தது. கீழே ஒரு லிங்கமும் வரைந்திருந்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

*

“நீ யாருக்குப் போட்ட?” என்றார் பர்வீன்.

“ரூபனுக்கு.”

“ஏன்?”

“நமக்கு நாமே போட்டுக்கறது அசிங்கம் மேம். அது ஜனநாயகம் இல்ல.”

“எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?”

“புத்தகத்துல இல்ல. எனக்கே தோணுச்சு.”

“உனக்குப் போட நீயே தயாரா இல்ல. மத்தவங்களை எதுக்குக் கேட்ட?”

பூவரசனுக்கு இது தோன்றியிருக்கவில்லை.

“ரூபனுக்குப் போட்டதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“இன்னும் இல்ல மேம். சொல்லணும். சொன்னாத்தான் நம்புவாங்க.”

பர்வீன் அவனை முதல் தடவையாகப் பார்த்தார். பர்வீனுக்கு இருபத்தெட்டு வயது. கௌரவ விரிவுரையாளர். கல்லூரி வாசலில் காவலாளி இன்னும் அவரிடம் அடையாள அட்டை கேட்பார். இரண்டு தடவை தாமதமாக வந்த மாணவி என்று வெளியே நிற்க வைத்திருக்கிறார்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் தள்ளினார்.

“எண்ணு.”

“என்னத்த மேம்?”

“வகுப்பை.”

பூவரசன் எழுதினான். ரயில் 19. பஸ் 18. விடுதி 1. கொஞ்சம் யோசித்து அதன் பக்கத்திலேயே முடிவுகளையும் எழுதினான். 19. 18. 1.

“சரியாத்தான் மேம் இருக்கு. அதனாலதான் கிண்டல் பண்றாங்க.”

“இன்னொரு தடவை எண்ணு.”

மணி அடித்தது. பர்வீன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பூவரசன் தாளைப் பார்த்தான். மேடமும் கிண்டல்தான் செய்கிறார் என்று நினைத்தான். தாளை மடித்து, வெளியே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டான்.

*

அன்று பாடம் அரசின் கூறுகள்.

“மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை,” என்றார் பர்வீன். “நாலும் இருந்தாத்தான் அரசு.”

சன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “மேம், நாலும் ஒரே ஆளா இருந்தா?”

வகுப்பு சிரித்தது.

“குடிமகன் அவரு, முதலமைச்சர் அவரு, எதிர்க்கட்சியும் அவரேதான் மேம்,” என்றது கதவுப் பக்கம். இரண்டு செட்டும் சேர்ந்து சிரித்தது அந்தப் பருவத்தில் அதுதான் முதல் தடவை.

பூவரசன் நோட்டில் ‘இறையாண்மை’ என்று எழுதினான். மறுபடியும் எழுதினான். பக்கம் முழுக்க அதுவே இருந்தது.

விடுதியில் சாப்பாட்டு வரிசையிலும் பெயர் வந்துவிட்டது. வேதியியல்காரன் ஒருவன், முன்பின் பேசியிராதவன், “நீதானா சுயம்பு?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தட்டை நீட்டினான்.

பூவரசன் வீட்டுக்கு போன் செய்தான்.

“மா, நான் வந்துடட்டுமா?”

“லீவா?”

“இல்ல. டீசி வாங்கிட்டு.”

“யாராச்சும் அடிச்சாங்களாடா?”

“இல்லம்மா.”

“சாப்பாடு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன்டா?”

ஓட்டு என்று சொன்னால் அம்மாவுக்கு ஊர்த் தேர்தல் ஓட்டுதான் ஞாபகம் வரும். “சும்மா கேட்டேன்,” என்று வைத்துவிட்டான்.

அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பம் வாங்கிப் பெயர் வரைக்கும் பூர்த்தி செய்தான். காரணம் என்ற கட்டத்தில் நின்றுபோனான். வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்று மடித்து வைத்தான்.

*

மூன்றாம் நாள் இடைவேளையில் மேகலா கேட்டாள்.

“ஏய் சுயம்பு, கட்சி ஆபீஸ் எங்க வெச்சிருக்க? சந்தா கட்டணும்.”

பூவரசன் எழுந்துவிட்டான்.

“நான் எனக்குப் போடல. ரூபனுக்குத்தான் போட்டேன். எங்க அம்மா மேல சத்தியமா.”

முன்பைவிடப் பெரிய சிரிப்பு.

“அடப்பாவி, தன் கட்சிக்கே துரோகமா?”

“சுயேச்சை கட்சி தாவிடுச்சு மச்சான்!”

யாரோ பெஞ்சில் தாளம் தட்டினார்கள்.

ரூபன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த பிஸ்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அவன் உதடு மெதுவாக அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான்.

*

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் ரூபன் அவன் தோளில் கை போட்டான்.

“நான் உன்னை நம்புறேன் மச்சி.”

பூவரசனுக்குக் கண் கலங்கியது. மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டான்.

“நிஜமாவா?”

“பொய் சொல்ற மூஞ்சியா உன்னுது? ஆனா நான் நம்பினாப் போதுமா? கிளாஸு நம்பணும்ல. சீட்டெல்லாம் கவர்ல போட்டு சீல் வெச்சிருக்காங்க. மேம் பீரோவுல இருக்கு. உன் பேர் எழுதின சீட்டைக் காட்டச் சொல்லு. அது உன் கையெழுத்து இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா முடிஞ்சுச்சு. அப்புறம் எவன் வாயத் திறப்பான்?”

இவ்வளவு எளிய வழி இருப்பது பூவரசனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

“காட்டுவாங்களா?”

“எச்.ஓ.டி-க்கு மனு போடு. நான் சொல்லச் சொல்ல எழுது. வா.”

சைக்கிள் கேரியர் மேல் நோட்டை வைத்து எழுதினான். எனக்கு ஏற்பட்டுள்ள அவப்பெயரை நீக்கும் பொருட்டு. மேற்படி சீட்டை வகுப்பின் முன்னிலையில். ரூபனுக்கு மனு எழுத நன்றாக வந்தது.

“கீழ கையெழுத்து போடு. தேதி போடு.”

போட்டான்.

அன்று விடுதியில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

*

துறைத்தலைவர் மனுவைப் படித்தார்.

“நியாயமான கோரிக்கை. வெள்ளிக்கிழமை ரெண்டாவது ஹவர். நானே வர்றேன்.”

பர்வீனுக்கு ஒரு நகல் போயிற்று. பர்வீன் வாங்கிப் படித்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

*

வியாழக்கிழமை மதியம் வகுப்பில் ரூபன் தனியாக இருந்தான். அவன் முன்னால் நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரைப் பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தான்.

“என்ன ரூபா இது?”

“எங்க செட்டு நோட்டு. மொத்தமா வாங்கிட்டேன். நாளைக்குக் கையெழுத்து பாக்கணும்ல.”

பூவரசன் அடுக்கைப் பார்த்தான். பழுப்பு அட்டை போட்டவை, பூப்போட்ட அட்டை போட்டவை, அட்டையே இல்லாதவை.

“என் நோட்டு எங்கிட்டயே இருக்கே. கொண்டு வரட்டுமா?”

ரூபன் சிரித்தான்.

“உன்னுது எதுக்கு மச்சி? உன்னைத்தான் நம்புறேன்னேனே.”

பூவரசன் நின்றான்.

“எங்க செட்டு பத்தொன்பது. எனக்கு விழுந்தது பத்தொன்பது. முதல்ல நானும் சரின்னுதான் நினைச்சேன். அதுல ஒண்ணு உன்னுதுன்னா என்ன அர்த்தம்? எங்களுக்குள்ள ஒண்ணு குறையுது. எங்களோட வந்து, எங்களோட உக்காந்து, உனக்குப் போட்டிருக்கு ஒண்ணு.”

“எனக்குப் போட்டா என்ன ரூபா? நீதான் ஜெயிச்சிட்டியே.”

“ஜெயிக்கறது வேற. தாஸண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

தாஸண்ணன் மூன்றாம் ஆண்டு. ரயில் செட்டுக்குத் தலை. மூன்றாவது பெட்டியில் யார் ஏறலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் அவன் கண்ணசைவில் நடக்கும்.

“நேத்து பிளாட்பாரம் கடைசியில வெச்சு எல்லாரையும் சூடம் ஏத்தி அடிக்கச் சொன்னாரு. பொண்ணுங்களையும்தான். பத்தொன்பது பேரும் சத்தியம் பண்ணோம். எனக்குத்தான் போட்டோம்னு பண்ணாங்க எல்லாரும். அதுல ஒரு கை பொய்.” ரூபன் அடுத்த நோட்டைத் திறந்தான். “சத்தியத்துல தப்பிக்கலாம். எழுத்துல தப்பிக்க முடியாது.”

“தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“நான் என்ன பண்ணப் போறேன்? ஒண்ணும் பண்ண மாட்டோம். ஏற விடமாட்டோம். அவ்ளோதான்.”

பூவரசனுக்கு அந்தக் கதை தெரியும். எல்லோருக்கும் தெரியும். போன வருடம் தாஸண்ணனை எதிர்த்துப் பேசிய ஒருவனை ஏழு நாற்பதில் ஏற விடவில்லை. ஏறினால் அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அந்த ஊர்களிலிருந்து அந்த நேரத்துக்கு வேறு வண்டி கிடையாது. ஒரு பருவம் முழுக்கப் பதினொரு மணிக்கு வந்தான். வருகை நாற்பத்தொரு சதவீதம். தேர்வெழுத விடவில்லை. இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

“யாருன்னு சந்தேகம் இருக்கா?” என்று கேட்டான் பூவரசன்.

“இருக்கு,” என்றான் ரூபன். “நாலு பேர் மேல.”

*

துறை அறைக்கு ஓடினான்.

“மேம், கவரைப் பிரிக்காதீங்க.”

பர்வீன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். கவிழ்த்து வைத்தார்.

“நீ எழுதிக் கொடுத்த மனு.”

“வாபஸ் வாங்கிக்கறேன் மேம்.”

“வாங்கிக்கோ.”

பூவரசன் மூச்சு விட்டான்.

“மனுவை வாங்கிக்கலாம்,” என்றார் பர்வீன். “ரூபன்கிட்ட சொன்னதை எப்படி வாங்குவ?”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க கவரைக் கிழிச்சுப் போட்டுடுங்க மேம். காணோம்னு சொல்லிடுங்க.”

“சொல்லலாம். கவர் காணாமப் போனா அவன் தேடறது நின்னுடுமா?”

நிற்காது. கவர் போனாலும் நான்கு முகங்கள் இருக்கின்றன. நான்கில் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான்கையும் இறக்கிவிடுவார்கள். தாஸண்ணனுக்கு அது ஒன்றும் சிரமமில்லை.

“ஏன் மேம் என்னை அன்னைக்கே தடுக்கல? உங்களுக்குத் தெரியும்ல?”

“எண்ணச் சொன்னேன்.”

“சொல்லியிருக்கலாம்ல மேம், இப்படி ஆகும்னு. நேரா.”

“சொல்லியிருந்தா, மேம் ரூபனோட மானத்தைக் காப்பாத்தறாங்கன்னு நினைச்சிருப்ப.”

அப்படித்தான் நினைத்திருப்பான். அதனால் இன்னும் கோபம் வந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மேம்?”

“நான் படிச்சது பேரை. எழுத்தைப் பார்க்கல.”

“எப்படிப் பார்க்காம இருக்க முடியும்?”

பர்வீன் பீரோவைத் திறந்தார். பழுப்பு நிறக் கவரை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அரக்கு முத்திரை ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. விரலை விட்டால் போதும், வந்துவிடும்.

“நீ பார்த்துக்கோ. நாளைக்கு எப்படியும் பிரிக்கப் போறதுதானே.”

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

*

முப்பத்தெட்டு சீட்டுகள். கையில் எடுத்தால் எடையே இல்லை.

அதில் ஒன்றில் அவன் பெயர் இருந்தது. யாரோ உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு, ஐந்து எழுத்தையும் எழுதியிருந்தார்கள். அவன் முழங்கால் ஆடியதைப் பார்த்த பிறகும் எழுதியிருந்தார்கள்.

நான்கு நாட்களாக அந்த ஒருவரும் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. சூடத்தில் கையையும் வைத்திருக்க வேண்டும்.

பூவரசனின் பெருவிரல் முத்திரையின் ஓரத்தில் இருந்தது. அரக்கு கொஞ்சம் உதிர்ந்தது.

இந்த ஊரில் தன்னை ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது யார் என்று மட்டும் தெரிந்தால் போதும். யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடலாம்.

வெளியே தண்ணீர்க் குழாய் திறந்தது. மூடியது.

பர்வீன் வந்தார்.

“பார்த்தியா?”

“இல்ல மேம்.”

“ஏன்?”

“பார்த்தா எனக்கும் தெரிஞ்சிடும்.”

பர்வீன் கவரை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“மேம், நான் இப்ப என்ன செய்யணும்?”

பர்வீன் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

“மேம், சொல்லுங்க மேம். பயமா இருக்கு.”

“எனக்கும்தான்,” என்றார். “நாளைக்கு எச்.ஓ.டி. பிரின்னு சொன்னா நான் பிரிக்கணும். மாட்டேன்னு சொன்னா அடுத்த மாசம் இந்த நாற்காலியில வேற ஆள்.”

“அப்ப?”

“ரெண்டரைக்கு பஸ்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

வெள்ளிக்கிழமை இரண்டாவது மணி நேரம்.

துறைத்தலைவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பர்வீன் பக்கத்தில் நின்றார். கவர் மேசை மேல் இருந்தது. கவருக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல்.

முன் பெஞ்சில் ரூபன் நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தான். சன்னலுக்கு வெளியே வராந்தாவில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேர் சும்மா நிற்பது போல நின்றார்கள்.

சன்னல் பக்கம் யாரோ பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மனுதாரர் யார்ப்பா?” என்றார் துறைத்தலைவர்.

பூவரசன் எழுந்தான். முழங்கால் ஆடத் தொடங்கியது.

“உன் பேர் எழுதின சீட்டு உன் கையெழுத்து இல்லைங்கற. அதானே?”

“சார்.”

“மேடம், பிரிங்க.”

பர்வீன் கத்தரிக்கோலை எடுத்தார்.

“சார், வேண்டாம் சார்.”

“என்ன வேண்டாம்?”

“பிரிக்க வேண்டாம் சார். அது என் சீட்டுதான்.”

கத்தரிக்கோல் நின்றது.

“என்னப்பா சொல்ற?”

“எனக்கு நான்தான் சார் போட்டுக்கிட்டேன்.”

வகுப்பு உடனே சிரிக்கவில்லை. காது கேட்டதைச் சரிபார்த்துக்கொண்டது.

“அப்ப இந்த மனு?”

“பொய் சார்.”

ரூபன் எழுந்து திரும்பினான். “டேய், எனக்குப் போட்டேன்னு சத்தியம் பண்ணியேடா? உங்க அம்மா மேல பண்ணியே?”

“அவமானமா இருந்துச்சு ரூபா. அதான் அப்படிச் சொன்னேன்.”

“எழுதறப்பகூடச் சொல்லலியே?”

“நீ நம்பறேன்னு சொன்ன. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

ரூபன் அவன் முகத்தையே பார்த்தான். பூவரசன் கண்ணை எடுக்கவில்லை. பொய் சொல்கிற மூஞ்சி எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. இருந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றான்.

“எதுக்கும் பிரிச்சுப் பார்த்துடலாம் சார்,” என்றான் ரூபன்.

துறைத்தலைவர் பர்வீனைப் பார்த்தார்.

“மனுதாரர் ஒத்துக்கிட்டார் சார்,” என்றார் பர்வீன். “இனிமே பிரிக்கணும்னா யாராவது புதுசா மனு கொடுக்கணும். கொடுக்கறவங்க காரணமும் எழுதணும்.”

“என்ன காரணம்ப்பா உனக்கு?” என்றார் துறைத்தலைவர்.

ரூபன் வாயைத் திறந்தான். காரணத்தைச் சொல்வதென்றால் சூடத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது பெட்டியைச் சொல்ல வேண்டும். சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் வேண்டாமென்று தலையை லேசாக ஆட்டினார்கள்.

அவன் விரல்கள் பெஞ்சின் மேல் அசைந்தன. பத்தொன்பது. பதினெட்டு. ஒன்று.

“காரணம் ஒண்ணும் இல்ல சார். கணக்கு சரியாத்தான் இருக்கு.”

உட்கார்ந்தான். நோட்டுகளைப் பின்னால் தள்ளினான். “டேய், ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்கடா,” என்றான். சன்னல் பக்கம் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பத்தொன்பது உடம்புகள் ஒரே நேரத்தில் தளர்ந்தால் அப்படித்தான் சத்தம் வரும்.

துறைத்தலைவர் மனுவை இரண்டாகக் கிழித்தார்.

“உனக்கு நீயே ஓட்டுப் போட்டுக்கற. அப்புறம் இல்லைன்னு மனு போடற. அப்புறம் ஆமாங்கற. உனக்கு அரசியல் அறிவியல் எதுக்குப்பா? நேரா அரசியலுக்கே போயிடலாமே!”

இப்போது சிரித்தார்கள். சன்னல் பக்கம் சிரித்தது. கதவுப் பக்கம் சிரித்தது. மேகலா பெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். வராந்தாவில் நின்றவர்களும் சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள்.

பூவரசன் நின்றுகொண்டிருந்தான்.

இத்தனை சிரிப்பில் ஒன்று மட்டும் சிரிக்காது. அல்லது மற்றவற்றைவிடச் சத்தமாகச் சிரிக்கும். சன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பினால் தெரிந்துவிடும்.

கரும்பலகையில் நேற்றைய பாடம் பாதி அழிந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.